சுவைஞனின் நினைவும் தனித்து நில்லாப் படைப்பும்: ‘அட்வென்ட் சில்ட்ரன்’ அசைவூட்டப் படத்தை முன்வைத்து

ஒரு படைப்பு பிறிதொன்றன் துணையின்றித் தானே நிற்க வேண்டும் என்பது திறனாய்வுலகில் நெடுங்காலமாக வழங்கிவரும் அளவுகோல். புறச்செய்திகளை அறிந்தவர்க்கே ஒரு படைப்பு விளங்கும் எனின், அதனைக் குறையுடைய படைப்பு எனக் கொள்வதே பெரும்பான்மை வழக்கு. வகுப்பறையில் நானும் பல்லாண்டுகள் இவ்வாறே கற்பித்து வந்துள்ளேன். அந்த அளவுகோலை ஐயுற வைத்தது ஓர் அசைவூட்டப் படம். 2005ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜப்பானில் டிவிடி வடிவில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி 7: அட்வென்ட் சில்ட்ரன்’ என்பதே அது. பிளேஸ்டேஷன் கருவிக்கென ஸ்குவேர் நிறுவனம் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஃபைனல் ஃபேன்டசி 7’ என்னும் வீடியோ விளையாட்டின் கதை முடிந்து ஈராண்டுகளுக்குப் பின் நிகழ்வதாக அப்படம் புனையப்பட்டுள்ளது.

இப்படத்தை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர். அதன் ஒவ்வொரு காட்சியையும், அக்காட்சியில் ஒலிக்கும் இசையையும் நினைவிலிருந்தே வரிசையாகச் சொல்லக்கூடியவர். பருவக் கட்டுரையை இப்படத்தைப் பற்றியே எழுதித் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் வியப்புச் சொற்களே நிறைந்திருந்தன. விருப்பம் வேறு, திறனாய்வு வேறு என்று ஓரத்தில் குறித்துத் திருப்பிக் கொடுத்தேன். “ஐயா, ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்றார் அவர். பார்த்தேன். என் குறிப்பை மாற்றிக்கொள்ள வேண்டிய தேவை எதுவும் அப்போது தோன்றவில்லை.

முதற்பார்வையில் நான் கண்டது இதுதான். இடிந்துபோன மிட்கார் என்னும் மாநகர். அதன் விளிம்பில் எழுந்துவரும் எட்ஜ் என்னும் புதிய குடியிருப்பு. கருநிறப் புண்களாக வெளிப்படும் ஒரு கொள்ளைநோய். கிளவுட் என்னும் பொன்னிற முடி இளைஞன் மோட்டார் சைக்கிளில் பொருள்களைக் கொண்டு சேர்க்கும் பணியைச் செய்துகொண்டு, தன்னை நேசிப்போரிடமிருந்து விலகி வாழ்கிறான். டிஃபா என்னும் பெண் தொலைபேசியில் அழைக்கிறாள், அவன் எடுப்பதில்லை. கடாஜ், லாஸ், யாசூ என்னும் மூவர் ‘தாய்’ ஒருத்தியைத் தேடி அலைகின்றனர். அத்தாய் யார், ஏன் தேடுகின்றனர் என்பது எனக்கு விளங்கவில்லை. யாரோ ஒருத்தியின் நினைவு கிளவுடை வருத்துகிறது. வெண்மலர் வெளியில் அவனோடு முதுகோடு முதுகாக நின்று அவள் பேசுகிறாள். அவள் எவ்வாறு இறந்தாள் என்பதைப் படம் முறையாக எடுத்துரைக்கவில்லை. இடையிடையே வாட்போர்கள். அவற்றின் வேகத்தில் யார் யாரைத் தாக்கினார் என்பதே புலப்படவில்லை. கணினி வரைகலையின் நேர்த்தியைத் தவிரப் பாராட்டத்தக்கது ஒன்றுமில்லை என்ற முடிவோடு எழுந்தேன்.

மாணவர் மறுப்பேதும் சொல்லவில்லை. மறுவாரம் பழைய பிளேஸ்டேஷன் கருவி ஒன்றையும் மூன்று குறுந்தட்டுகளையும் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அவ்விளையாட்டை முடிக்க நாற்பது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். என் போன்றோர்க்கு அதனினும் மிகுதி. விடுமுறை முழுவதும் அதிற்கழிந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

1997ஆம் ஆண்டின் தொழில்நுட்பத்தில் அமைந்த அம்மாந்தர்கள், இன்று நோக்குவார்க்கு நகைப்பூட்டக்கூடியவர்கள். ஊர்களிலும் வீதிகளிலும் நடமாடும்போது அவர்கள் கட்டங்களை அடுக்கிச் செய்த பொம்மைகளாகவே தோன்றுவர். முகத்தில் இரு கண்கள், அவ்வளவே. கைகளில் விரல்கள் தனித்தனியே பிரிந்திரா. பேச்சும் எழுத்தாகவே திரையில் வரும், குரல் கிடையாது. துயரத்தைக் காட்ட வேண்டுமெனின் பொம்மை தலையைக் கவிழ்க்கும். எஞ்சிய அனைத்தையும் விளையாடுபவரே நிரப்பிக்கொள்ள வேண்டும். நான் கண்டவரையில், அவ்விளையாட்டின்பால் சுவைஞர் கொண்ட பற்றின் வேர் இங்கேதான் உள்ளது. முழுமையாகத் தரப்பட்ட முகத்தைவிடத் தாமே வரைந்துகொண்ட முகத்தை மக்கள் நெடுநாள் நினைவில் வைத்திருப்பர்.

ஏரித் என்னும் பூ விற்கும் பெண் அக்கதையின் முதன்மை மாந்தருள் ஒருத்தி. (1997ஆம் ஆண்டின் ஆங்கிலப் பதிப்பில் அவள் பெயர் ஏரிஸ் என்றிருந்தது. எது சரி என்று சுவைஞர்கள் இன்றும் வழக்காடுவதுண்டு.) அவளுக்குரிய படைக்கலன்களைத் தேடிச் சேர்ப்பவரும், அவளுடைய ஆற்றலைப் போருக்குப் போர் வளர்த்தெடுப்பவரும் விளையாடுபவரே. முதற்குறுந்தட்டின் இறுதியில், செஃபிராத் என்னும் பகைவன் மேலிருந்து இறங்கி, வேண்டுதலில் ஆழ்ந்திருக்கும் அவளை வாளால் குத்திக் கொல்கிறான். உடனே ஒரு போர் தொடங்குகிறது. ஆனால் வழக்கமான போரிசை எழுவதில்லை. இசையமைப்பாளர் நொபுவோ உஎமாட்சு அவளுக்கென அமைத்த மெல்லிசையே போர் முடியும்வரை தொடர்கிறது. பின்னர்க் கிளவுட் அவளை ஏந்திச் சென்று நீரில் விடுகிறான். நாவலில் ஒரு மாந்தர் இறக்கும்போது வாசகர் இழப்பது ஓர் உறவை. இங்கோ, தம் கையால் பல மணி நேரம் செய்த உழைப்பும் அவ்வுறவோடு சேர்ந்து போய்விடுகிறது. அடுத்த போரில் மூவர் நிற்க வேண்டிய அணியில் அவளுடைய இடத்திற்கு வேறொருவரைத் தேர்ந்து நிறுத்தவேண்டியவரும் விளையாடுபவரே. அந்தத் தேர்வைச் செய்தபோது என் விரல் சற்றுத் தயங்கியது.

இதன்பின் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். முன்பு புலப்படாத பல செய்திகள் தெளிவாயின என்பது இயல்பே, அது பெரிதன்று. படம் எதனைப் பொருளாகக் கொண்டுள்ளது என்பதே மாறித் தோன்றியது என்பதுதான் நோக்கத்தக்கது.

ஒரு சிறு காட்சியைச் சான்றாகக் காட்டலாம். பாழடைந்த தேவாலயத்தில் டிஃபா, லாஸ் என்பவனோடு பொருதி அவனை வீழ்த்துகிறாள். உடனே விளையாட்டில் வெற்றிக்குப்பின் எப்போதும் ஒலிக்கும் முழக்கம் எழுகிறது. விளையாடியவர் உள்ளம் பழக்கத்தால் நிம்மதி அடைகிறது. மறுகணமே அது லாஸின் கைப்பேசி மணி என்பது தெரியவருகிறது. அவன் எழுந்து நிற்கிறான். அறியாதார்க்கு இது ஒரு கைப்பேசி ஒலி மட்டுமே. அறிந்தார்க்கோ, நாற்பது மணி நேரத்தில் தம்முள் படிந்த பழக்கம் ஒன்றே பொறியாக மாற்றப்பட்டிருப்பது தெரியும். போர் முடிந்தது, இனி அமைதி என்று சொல்லும் குரல் இவ்வுலகில் இனி நம்பத்தகாதது.

மற்றொன்று, பஹாமுட் என்னும் பெரும்பறவை போன்ற அரக்க உரு நகரைத் தாக்கும் காட்சி. கிளவுட் வானில் எழுகிறான். பழைய தோழர்கள் ஒருவர்பின் ஒருவராக அவன் கையைப் பற்றி மேலும் மேலே வீசி அனுப்புகின்றனர். எல்லார்க்கும் மேலே, ஒளியின் நடுவே, இறுதியாக ஒரு கை நீள்கிறது. அது ஏரித்தின் கை. முதற்பார்வையில் இதனை நான் மிகைப்புனைவு என ஒதுக்கினேன். இரண்டாம் முறை, அக்கையில் விரல்கள் இருந்தன என்பதே என் கண்ணில் முதலில் பட்டது. விரல்களே இல்லாதிருந்த ஒரு பொம்மைக்கு, என் விரல்களைக் கொண்டு நான் உயிரூட்டிய ஒருத்திக்கு, எட்டாண்டுக்குப் பின் செய்யப்பட்ட படத்தில் கை முளைத்திருக்கிறது. அணியில் தனக்குரிய முறை வந்தபோது செயலாற்றும் பழைய போர்முறையே அங்கு வரிசையாக நிகழ்கிறது. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: இப்போது பொத்தானை அழுத்த என்னால் இயலாது. சுவைஞன் கையறு நிலையில் வெறுமனே பார்த்திருக்கிறான். கிளவுடின் நிலையும் அதுவே. காக்க முடியாமற்போன ஒருவனின் குற்றவுணர்வைப் படம் சொற்களால் விளக்காமைக்குக் காரணம், அவ்வுணர்வு பார்ப்பவரிடமே முன்னரே இருக்கிறது என்பதுதான்.

முன்னறிவு உடைய அவையினரை எதிர்பார்த்துப் படைப்பது ஜப்பானிய மரபுக்குப் புதிதன்று. கபுகி நாடக ஆசிரியர்கள் ‘செகாய்’ என்னும் கோட்பாட்டைக் கையாண்டனர். உலகம் என்பது அச்சொல்லின் பொருள். அவையோர் நன்கறிந்த ஒரு கதையுலகை எடுத்துக்கொண்டு, அதனுள் புதிய திருப்பம் ஒன்றைப் பொருத்துவதே ஆசிரியரின் திறம். 1748இல் அரங்கேறிய ‘கனதெஹோன் சூஷிங்குரா’ 1701 முதல் 1703 வரை நிகழ்ந்த அக்கோ வீரர்களின் பழிதீர்ப்பைப் பதினான்காம் நூற்றாண்டின் ‘தைஹெய்கி’ உலகில் வைத்துக் கூறியது. 1825இல் நான்காம் த்சுருயா நன்போகு எழுதிய யொத்சுயா பேய்க்கதை, அந்தச் சூஷிங்குராவின் உலகையே தனக்குக் களமாக்கிக் கொண்டது. பாரதத்தை முன்பே அறிந்தவர்கள்தாம் நம் தெருக்கூத்தின் முன்னும் விடியவிடிய அமர்ந்திருந்தனர். தனித்து நில்லாமை குறையெனின் இவையனைத்தும் குறையுடையனவாதல் வேண்டும்.

மறுபுறச் சான்றும் அந்நிறுவனத்திடமே உண்டு. 2001ஆம் ஆண்டு ஹிரொனோபு சகாகுச்சி இயக்கத்தில் வெளிவந்த ‘ஃபைனல் ஃபேன்டசி: தி ஸ்பிரிட்ஸ் விதின்’ விளையாட்டுகளின் கதைகளோடு தொடர்பற்ற தனிக்கதை. யாவர்க்கும் விளங்க வேண்டும் என்னும் நோக்கில் ஏறத்தாழ 137 மில்லியன் அமெரிக்க டாலர் செலவில் உருவானது. உலகெங்கும் ஈட்டியது ஏறத்தாழ 85 மில்லியன். அதனை உருவாக்கிய ஹொனலுலு படப்பிடிப்பகம் மூடப்பட்டது. 2003இல் ஸ்குவேர், எனிக்ஸ் நிறுவனத்தோடு இணைந்தது. இத்தோல்விக்குப் பின் வந்ததே ‘அட்வென்ட் சில்ட்ரன்’. விளையாட்டின் மாந்தர்களை வரைந்த டெட்சுயா நொமுராவே இயக்கினார்; விளையாட்டின் கதையுரையில் பங்குகொண்ட கசுஷிகே நொஜிமாவே எழுதினார். அவ்வுலகை நேசித்தவர்களுக்கே இப்படம் என்று தொடக்கத்திலேயே எழுத்தில் அறிவித்துவிடுகின்றனர். அந்நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

எனினும் மாணவரின் வியப்பு முழுவதையும் நான் ஏற்கவில்லை. அவர் மிகவும் போற்றும் பகுதி, இறுதியில் செஃபிராத் மீண்டெழுந்து கிளவுடோடு பொருதும் போர். என் கருத்தில் படத்தின் நலிந்த பகுதி அதுவே. பெருங்கட்டடங்கள் துண்டுதுண்டாகப் பறக்கின்றன; எவர்க்கும் எடையென்பதே இல்லை. கைப்பேசியை எடுக்க மனமில்லாத ஒருவனின் சோர்வைப் பொறுமையாகக் காட்டிவந்த படம், சுவைஞரின் கைதட்டலுக்காகத் தன் பொருளை மறந்துவிடுகிறது. டிஃபாவும் முற்பகுதிக்குப் பின் பெரிதும் கவலையோடு நோக்கும் பெண்ணாகவே ஒடுங்கிவிடுகிறாள். நோயுற்ற சிறுவன் டென்சலின் கதை அரைகுறையாகவே நின்றது. படத்தை உருவாக்கியோரும் இதனை உணர்ந்திருத்தல் வேண்டும். 2009இல் வெளிவந்த விரிவாக்கப் பதிப்பு, 101 நிமிடப் படத்தை 126 நிமிடங்களாக நீட்டி, டென்சலுக்கு உரிய இடத்தை அளித்தது. இறுதிப்போரும் அதில் நீண்டுவிட்டது என்பது வேறு செய்தி.

ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். 1997க்குப் பின் ஏரித்தை உயிர்ப்பிக்கும் வழி விளையாட்டுக்குள் எங்கோ மறைந்திருப்பதாக வதந்திகள் பரவின. சுவைஞர்கள் மூலைமுடுக்கெல்லாம் தேடினர். அப்படி ஒரு வழி இல்லை. சுவைஞர்க்கென்றே எடுக்கப்பட்ட படம் அவர்கள் மிகவும் விரும்பிய அதனைத் தந்திருக்கலாம். பகைவனைத் திருப்பித் தந்த இப்படம், அவளைத் திருப்பித் தரவில்லை. இறுதியில் அதே தேவாலயத்தில் நோய் தீர்க்கும் நீரில் குழந்தைகள் இறங்கி நிற்க, வாயிலருகே அவள் இறந்துபோன நண்பன் ஸாக்குடன் ஒளியை நோக்கி நடந்து மறைகிறாள். கிளவுட் பார்த்து நிற்கிறான், பின்தொடரவில்லை. சுவைஞரின் பற்றாலேயே கட்டப்பட்ட ஒரு படைப்பு, அப்பற்றுக்கு முழுவதும் பணியாமல் நிற்கும் இடம் இது. மாணவரின் கட்டுரையில் இக்காட்சிக்கு ஒரே வரிதான் இருந்தது. “இந்த இடத்தில் எழுத முடியவில்லை” என்பது அவ்வரி. அதனையும் நான் சிவப்பு மையால் அடித்திருந்தேன்.

2020இலும் 2024இலும் அவ்விளையாட்டு இன்றைய தொழில்நுட்பத்தில் மறுவுருவாக்கம் பெற்று இரு பகுதிகளாக வெளிவந்துள்ளது. முதலிலிருந்தே முகமும் குரலும் விரலும் உடைய மாந்தர்கள் அதில் உலவுகின்றனர். 2024ஆம் ஆண்டுப் பகுதி ஏரித்தின் முடிவுவரை வருகிறது. ஆனால் அம்முடிவை ஒரே உறுதியான நிகழ்வாகக் காட்டாமல், அவள் பிழைத்தாளோ என ஐயுறும்படி காலத்தைக் கிளைபிரித்து வைக்கிறது. அம்மாணவர் இப்போது ஆசிரியராகப் பணியாற்றுகிறார். அதனை முடித்த இரவே எனக்கு அழைத்து, “பார்த்தீர்களா ஐயா, இன்னும் நம்பிக்கை இருக்கிறது” என்று மகிழ்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை என்றேன். அரைமணி நேரம் வழக்காடினோம், இருவரும் இணங்கவில்லை.