விளையாட்டுப் பிள்ளைகள்

"அவனா? விளையாட்டுப் பிள்ளை!" என்கிறோம். பொறுப்பற்றவன் என்பது பொருள். "விளையாட்டாகச் சொன்னேன்" என்கிறோம். மெய்யெனக் கொள்ளாதே என்பது பொருள். விளையாட்டு என்றால் வீண் என்று நம் நாவே தீர்ப்பெழுதி வைத்திருக்கிறது!

பழந்தமிழ்ப் புலவன் அவ்வாறு கருதவில்லை. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்கள் எவை? சிற்றில், சிறுபறை, சிறுதேர். மூன்றும் விளையாட்டு! ஆனால் ஒரு குறை. அவன் பாட்டுடைத் தலைவனாகத் தேடியது பெரும்பாலும் ஆண்டவனை; அன்றேல் ஆள்பவனை. குடிசை வாயிலில் மண்ணளைந்து வீடு கட்டிய குழந்தையின் சிற்றில் ஏட்டில் ஏறவில்லை.

அந்தக் குழந்தைக்கு நல்ல ஆசிரியரும் நல்ல விளையாட்டும் வாய்த்தால் என்ன ஆகும்? பாட்டால் அன்று, கணக்கால் விடையளித்த ஊர் ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்து இப்சிலாண்டி நகரம் அது.

அந்நகரப் பள்ளித் துறையில் பணியாற்றிய டேவிட் வைக்கார்ட், ஏழைக் கறுப்பினக் குழந்தைகள் ஆண்டுதோறும் தேறாமல் பின்தங்குவதைக் கண்டார். குழந்தையிடம் குறை என்று கூறிக் கைகழுவ அவர் மனம் ஒப்பவில்லை. பள்ளி வாயிலை மிதிக்குமுன்பே கைகொடுத்தால் என்ன என்று எண்ணினார். 1962-இல் பெர்ரி முன்பள்ளி பிறந்தது. 1967 வரை நடந்த அம்முயற்சியில் 123 குழந்தைகள். அனைவரும் வறுமையில் வாடியோர். அறிவுத்திறன் தேர்வில் குறைந்த எண் பெற்றோர். அவர்களுள் 58 பேர் முன்பள்ளியில் இடம் பெற்றனர். 65 பேர் பெறவில்லை. யாருக்கு இடம் என்பதைத் தகுதி முடிவு செய்யவில்லை. தற்செயலே முடிவு செய்தது.

அங்கே என்ன கற்பித்தனர்? மனப்பாடமா? இல்லை! நாள்தோறும் காலையில் இரண்டரை மணி நேரம். என்ன செய்யப் போகிறோம் என்று குழந்தையே திட்டமிடும், செய்யும், பின்னர், செய்ததை எடுத்துச் சொல்லும். கட்டை அடுக்குகையில் அளவையும், கடை நடத்தி ஆடுகையில் எண்ணையும், தோழனோடு பங்கிடுகையில் பண்பையும் கற்கும். ஏறத்தாழ ஆறு குழந்தைகளுக்கு ஓர் ஆசிரியர். வாரம் ஒருமுறை ஆசிரியர் வீட்டுக்கே சென்று, தாயுடனும் சேயுடனும் ஒன்றரை மணி நேரம் இருப்பார்.

முதலில் அறிவுத்திறன் எண் உயர்ந்தது. கைதட்டினர். சில ஆண்டுகளில் இரு குழுவினர்க்கும் இடையே இருந்த அந்த வேறுபாடு மறைந்தது. கைதட்டல் ஓய்ந்தது!

அந்நாளில் இத்தகைய முயற்சிகள் பலவற்றைப் பற்றியும் இதே குறை பேசப்பட்டது. 1969-இல் ஹார்வர்டு கல்வி இதழில் ஆர்தர் ஜென்சன் என்னும் பேராசிரியர் நெடிய கட்டுரை ஒன்று தீட்டினார். ஈடுசெய் கல்வி தோற்றது என்றார். அறிவுத்திறனில் மரபுவழிக்கே பெரும்பங்கு என்றார். வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் உள்ள இடைவெளியிலும் பிறப்புக்குப் பங்கிருக்கலாம் என்றார். தலையெழுத்து என்று இங்கே சொல்வதை, அங்கே புள்ளிவிவரத்தில் சொன்னார்!

காலம் விடை சொல்லிற்று. அந்தக் குழந்தைகளை நாற்பது வயது வரை பின்தொடர்ந்தனர். ஆண்டுக்கு 20,000 டாலரும் அதற்கு மேலும் ஈட்டியோர், முன்பள்ளி கண்டோரில் நூற்றுக்கு 60 பேர். காணாதோரில் 40 பேர். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானோர், முன்னவரில் 36 பேர். பின்னவரில் 55 பேர். எண்ணிப் பாருங்கள் தோழர்களே! இனம் ஒன்று, ஊர் ஒன்று, வறுமை ஒன்று. வேறுபட்டது ஓரிரண்டு ஆண்டுக் காலைப் பொழுது மட்டுமே! பிறப்பே அறுதியிடும் என்றால், இந்த வேறுபாடு எங்கிருந்து முளைத்தது? அளவுகோல் பிழைபட்டது; குழந்தை பிழைபடவில்லை.

விளையாட்டின் பங்கு என்ன என்று ஐயுறுவோர்க்கும் அதே நகரம் விடை தந்தது. 1967-இல் 68 ஏழைக் குழந்தைகளை மூன்று குழுவாக்கினர். ஒரு குழுவில் ஆசிரியர் வகுத்த பாடமும் பயிற்சியுமே; மற்ற இரண்டில் குழந்தையின் விருப்பத்துக்கும் விளையாட்டுக்கும் இடம். அறிவுத்திறன் எண் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றுபோலவே உயர்ந்தது. ஆனால் 23 வயதில் கணக்கெடுத்தபோது, பள்ளிப் பருவத்தில் மனவெழுச்சிக் கோளாறுக்குச் சிகிச்சை பெற்றோர் முதற்குழுவில் நூற்றுக்கு 47 பேர். ஏனைய குழுக்களில் 6 பேர்!

பகுத்தறிவாளர் தமக்குச் சாதகமான சான்றையும் உரசிப் பார்த்தல் வேண்டும். இவை சிறு ஊரில், சிறு எண்ணிக்கையில் நடந்த ஆய்வுகள். எங்கும் இதே விளைவு என்று அறுதியிட இயலாது. 2022-இல் வெளியான டென்னசி மாநில ஆய்வைக் காண்க. அரசு முன்பள்ளியில் இடம் பெற்ற ஏழைக் குழந்தைகள், இடம் பெறாதோரைவிட ஆறாம் வகுப்பில் தேர்வெண்ணில் பின்தங்கியிருந்தனர். காரணம் பற்றி வாதம் நடக்கிறது. எனினும் ஒன்று தெளிவு: முன்பள்ளி என்று பலகை மாட்டினால் மட்டும் போதாது. உள்ளே நடப்பது என்ன என்பதே கேள்வி.

"ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்று கேட்டுப் பிரம்பெடுப்போர் உளர். ஐந்து வயதின் அருமையை அறிந்த பழமொழிதான். ஆனால் குழந்தை வளைக்கவேண்டிய மூங்கிலன்று, வளரவேண்டிய முளை!

1975-இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், உணவோடு முன்பருவக் கல்வியையும் தன் பணியாக ஏற்றது. எனவே, இளைஞனே, உன் ஊர் அங்கன்வாடிக்குச் சென்று பார். ஓர் ஆசிரியரிடம் எத்தனை குழந்தைகள்? கையில் விளையாட்டுப் பொருள் உண்டா? வாய்விட்டுப் பேச இடமுண்டா? அந்த ஆசிரியர்க்குப் பயிற்சியும் வாழத்தக்க ஊதியமும் உண்டா? இல்லையெனில் கேள், கேட்டுக்கொண்டே இரு. சிறுதேர் உருட்டும் உரிமை ஆண்டவனுக்கும் ஆள்பவனுக்கும் மட்டுமன்று. குடிசையில் பிறந்த குழந்தைக்கும் உண்டு!