தூக்குக்குண்டு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஏதாவதொரு ஒழுங்கையில் எப்போதும் ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருக்கும். அங்கே நான் நின்று பார்ப்பது மேசனின் தூக்குக்குண்டை. உள்ளங்கையில் குளிர்ந்து கனக்கும் பித்தளை, சீமெந்து படிந்த நைலோன் நூல். நூல் கோத்த கட்டையைச் சுவரில் அழுத்திப் பிடித்து நூலை மெல்ல இறக்குகிறார். கடற்காற்றில் குண்டு ஆடி, கல்லில் ‘டிங்’ என்று ஒருதரம் தட்டுகிறது. அவருக்கு அவசரமில்லை. இரண்டு விரலால் ஆட்டத்தைத் தணித்து, ஒரு கண்ணை மூடி, குண்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை வெளிச்சத்தை அளக்கிறார். கரண்டிப் பிடியால் கல்லுக்கு ஒரு தட்டு. சரி.

அந்த நூல் கிட்டத்தட்ட பூமியின் நடுவையே காட்டுகிறது. 6,370 கிலோமீற்றர் கீழே. நூலோடு நாமும் இறங்க முடிந்தால், இழுப்பு உடனே குறையாது என்பதுதான் அழகு. மேலே விட்டுவந்த பாறை ஓட்டின் இழுப்பு ஒன்றையொன்று ஈடுசெய்து இல்லாமற்போகும். ஆனால் அடியிலுள்ள இரும்புக் கருவை நெருங்குகிறோமே! சுமார் 2,900 கிலோமீற்றர் ஆழத்தில், கருவின் விளிம்பில், இதே குண்டு இங்கிருப்பதைவிடச் சற்றுக் கூடவே கனக்கும். அதன்பிறகுதான் எடை குறைந்துகொண்டே போகும். நட்டநடுவில் எல்லாப் பக்க இழுப்பும் சமமாகி, நூல் தொய்ந்துவிடும்.