அர்ஜன் சிங் இறங்கிய ஓடை

இன்ஜின் நின்றபின் விமானத்தைக் காப்பது வேகம்தான். மூக்கைத் தூக்கினால் கைவிட்டுப்போகும். தாழ்த்திப் பிடித்தால் சறுக்கிக்கொண்டே இறங்கலாம். இந்தக் கலையில் என் மனம் கவர்ந்தவர் அர்ஜன் சிங். வசீரிஸ்தான் மலைகளில் பழங்குடியினரின் தோட்டா பட்டதும், இளம் விமானியான அவர் தன் இரட்டை இறக்கை விமானத்தை ஓடைப் படுகையில் இறக்கினார். பதற்றத்தில் உடன்வந்த துப்பாக்கி வீரர் எதிரிகள் பக்கமே ஓட, துரத்திப் பிடித்துத் திருப்பினார்.

1944இல் பர்மா முனையில் ஸ்குவாட்ரனை நடத்தி டி.எஃப்.சி. விருது பெற்றார். 1965 போரில் விமானப்படைத் தலைமை அவருடையது. பெங்களூரு எச்.ஏ.எல். ஆலையில் உருவான நாட் விமானங்களும் அவர் படையில் சீறின. 2002இல் விமானப்படை மார்ஷல் ஆனார். அந்த ஐந்து நட்சத்திரப் பதவி பெற்றவர் அவர் ஒருவரே. ஆனாலும் உயிர் தப்ப ஓடும்போதும் சக வீரரை விட்டுவிடாத அந்த இளைஞருக்கே என் முதல் வணக்கம்.