செல்லம்மாளின் முறையீடு

புதுமைப்பித்தன் 1943-இல் எழுதிய 'செல்லம்மாள்' கதையைப் படித்தோர் பலரும் பிரமநாயகம் பிள்ளையின் பொறுமையையே போற்றக் காண்கிறோம். தகும். திருநெல்வேலிச் சீமையினின்றும் சென்னைக்குப் பிழைக்க வந்த ஜவுளிக்கடைச் சிப்பந்தி அவர். வேலையும் பார்த்து, தீரா நோயில் நலியும் மனைவியையும் பேணுகிறார். ஆயினும் கதை அவர் கண்வழியே நடப்பதால் நோயாளியின் உள்ளம் நமக்கு எளிதில் எட்டுவதில்லை.

ஓரிடத்தில் மட்டும் அது பீறிடுகிறது. நினைவு தடுமாறிய செல்லம்மாள் கணவரைத் தாயென மயங்குகிறாள். ஊருக்குப் போய்விடலாம் என்கிறாள். கணவரைத் துரோகி என்கிறாள். நோயின் பிதற்றல் என்று இதனை ஒதுக்குவது நலமுடையோர் வழக்கம். (நாமும் முன்பு அவ்வாறே ஒதுக்கினோம்.) என்றோ இறந்துபோன அத்தாயாக நடித்தே பிள்ளை அவளைத் தேற்றுகிறார், தம்மீதான குற்றச்சாட்டையும் அவ்வேடத்திலேயே கேட்கிறார். தெளிந்த நினைவில், கணவரிடம் அவள் இதனைச் சொல்லியிருப்பாளா?