புலி தரிசனம்: ஒரு பயணத் திட்டத்தை வாசித்தல்

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து புலி பார்க்கப் போவதென்று முடிவானது. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் நண்பர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திட்டம் போட்டோம். எழுதும் வேலை வழக்கம்போல என் தலையில். வேலூர், பெங்களூர், மைசூர் வழி. பந்திப்பூர்ச் சாலை இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும், வெளிச்சத்திலேயே கடந்துவிட வேண்டும். முதல் நாள் முதுமலை, தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வண்டி. அங்கே புலி கண்ணில் படாவிட்டால் மறுநாள் நாகரகொளை, கபினிக் கரை. கோடையில் போவது உத்தமம். புதர் காய்ந்திருக்கும், புலி தண்ணீருக்கு வரும்.

வாசித்துக் காட்டினேன். நண்பரின் தகப்பனார், எழுபதைத் தாண்டியவர், தறிக்குழியிலிருந்து எழுந்து வந்து கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, அந்தக் காட்டுல இருக்கிற ஜனத்தப் பத்தி ஒண்ணுமே எழுதலியே?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறது.

என் தாளை ஒரு பிரதியாக வைத்துப் பார்க்கிறேன். அதில் சாலை இருக்கிறது, நேரம் இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, புலி இருக்கிறது. மனிதர் இல்லை. இது என் மறதி அல்ல, சஃபாரி எனும் சொல்லாடலின் விதி. துரைமார்களும் ஜமீன்தார்களும் வேட்டையாடிய காலத்தில் தப்படித்துப் புலியைக் கலைத்துவிட்டவர்கள் ஊர்க்காரர்கள். செத்த புலியின் தலையில் பூட்ஸ் காலை வைத்து எடுத்த புகைப்படங்களில் அவர்களுக்குப் பெரும்பாலும் இடம் கிடைத்ததில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துப்பாக்கியைப் பிடுங்கியது, நல்லது. அதன் இடத்துக்குக் கேமரா வந்தது. சட்டகம் மாறவில்லை.

காஞ்சிபுரத்துக்காரனுக்கு இதை விளங்கிக்கொள்ள அந்நியக் கோட்பாடு தேவையில்லை. 2019இல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினார். 1979க்குப் பிறகு நாற்பது ஆண்டு கழித்து, ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை நாற்பத்தெட்டு நாள். தரிசனம் என்பது பார்வை மட்டுமல்ல, அது வரிசை, பாஸ், தடுப்புக்கட்டை என்று அப்போது தெரிந்தது. "பாத்துட்டியா?", "பாத்துட்டேன்" என்பதோடு பேச்சு முடிந்தது. வந்தவர்களின் கண்ணில் தறியும் சாயப்பட்டறையும் ஊராகப் படவில்லை; ஊரே வரதரிடம் போகும் பாதை. புலி பார்க்கும் மனமும் இதே மனம்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நாற்பத்தெட்டு நாள் முடிந்ததும் வரதர் அனந்தசரஸில் இறங்கினார், ஊர் எங்கள் கைக்குத் திரும்பி வந்தது. தரிசனம் சுத்தமாக நடக்க நீங்கள் ஊரைக் காலி செய்யுங்கள் என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. காட்டில் இருப்பவர்களிடம் சொன்னார்கள்.

என் திட்டத்தின் இரண்டாம் நாள் நாகரகொளை. அங்கிருந்து 1980களில் வெளியேற்றப்பட்ட ஜேனு குருபர்களில் 52 குடும்பங்கள் 2025 மே மாதம் தங்கள் பழைய ஊர் இருந்த இடத்துக்கே திரும்பிப் போய்க் குடிசை போட்டார்கள். இதே காட்டுக்குள்தான் 1990களில் ஒரு பெரிய ஓட்டல் நிறுவனத்துக்கு விடுதி நடத்த இடம் குத்தகைக்கு விடப்பட்டது. ஆதிவாசிகள் எதிர்த்துப் போராடினார்கள். 1997இல் கர்நாடக உயர்நீதிமன்றம் குத்தகையைச் செல்லாதென்றது. அடுப்பு எரித்தவன் காட்டுக்கு ஆகாதவன், அறை வாடகைக்கு விடுகிறவன் ஆகிறவன். இந்தத் தர்க்கத்தைக் கட்டுடைக்கப் பெரிய படிப்பு வேண்டியதில்லை.

2006 வன உரிமைச் சட்டப்படி, உரிமைகளை முடிவு செய்து கிராமசபையின் சம்மதம் பெறாமல் யாரையும் இடம்பெயர்க்கக் கூடாது. அப்படியிருந்தும் 2024 ஜூனில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம், புலிக் காப்பகங்களின் மையப்பகுதிகளிலுள்ள 591 கிராமங்களை, 64,801 குடும்பங்களை, இடம்பெயர்க்கும் வேலையை விரைவுபடுத்தச் சொல்லி மாநிலங்களுக்கு எழுதியது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க நான் தயாரில்லை. 2006 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 76 புலிகள் என்று மதிப்பிட்டார்கள், 2022இல் 306. பாதுகாப்பு வேலை செய்திருக்கிறது. புலியை வெறும் அதிகாரத்தின் குறியீடு என்று எழுதிவிட்டுப் போகிற தோழர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். ஆனால் அந்த 306க்கு அருகில் வாழ்கிறவர்கள் நாமல்ல. 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு மனித உயிர்களை எடுத்ததாகச் சொல்லப்பட்ட புலியைத் தேடினார்கள். கொல்ல வேண்டாம் என்றது சென்னை உயர்நீதிமன்றம். கும்கிகள், டிரோன்கள், தடம் பார்க்கத் தெரிந்த ஆதிவாசிகள் எல்லாம் சேர்ந்து அக்டோபர் 15 அன்று உயிரோடு பிடித்தார்கள். சரியான முடிவு. அந்தப் புலிக்கு டி23 என்று பெயர், அது நம் எல்லோருக்கும் தெரியும். இறந்தவர்களில் ஒருவர் பெயரை இதை வாசிக்கும் எத்தனை பேர் சொல்ல முடியும்? எழுதும் நான் முதலில் கைதூக்குகிறேன், எனக்குத் தெரியவில்லை.

நம் மரபில் வேறொரு சட்டகம் இருந்தது. புலிக்குத்திக் கல் என்று நடுகற்களில் ஒரு வகை. மாட்டைக் காக்கப் போய்ப் புலியோடு பொருது செத்தவனுக்கு ஊர் நட்டது. அந்தச் சிற்பத்தில் புலியும் இருக்கும், மனிதனும் இருப்பான், ஒரே அளவில், எதிரெதிராக. அந்த வாழ்க்கை திரும்ப வர வேண்டும் என்று நான் பொற்காலம் பாடவில்லை. இருவரையும் ஒரே கல்லில் பார்க்கத் தெரிந்த கண் எங்கே தொலைந்தது என்பதே என் கேள்வி. காட்டைப் பற்றி நம் சிறுபத்திரிகைகளில் வரும் கவிதைகளையும் இதே கேள்வியோடு திருப்பிப் பார்க்கலாம். அவற்றில் பல, வண்டிச் சத்தமில்லாத சஃபாரிகள்.

பயணத்தைக் கைவிடவில்லை. புறக்கணிப்பது சுலபம், அதனால் அங்கே எந்தக் குடும்பத்துக்கும் பட்டா வந்துவிடாது. தாளைத் திருத்தி எழுதியிருக்கிறேன். மையப்பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், யார் சம்மதித்தார்கள், யார் சம்மதிக்கவில்லை என்று கேட்டறிய ஒரு நாள் கூடியிருக்கிறது. கபினி விடுதி போயிற்று. ஆறு பேரில் இரண்டு பேர், "அப்போ புலி பாக்க வேற ஆளுங்களோட போறோம்பா" என்று விலகிக்கொண்டார்கள். பெரியவர் மட்டும், திருத்திய தாளைக் கேட்டுவிட்டு, தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.