சுருதி விலகும் பொறி
‘பீட்ரா’ என்னும் இசைத்தட்டுப் பற்றிய ஒரு மதிப்பீடு

இரண்டாண்டுகளுக்கு முன்னர் உயர்தர வகுப்பில் யான் கற்பித்த மாணவரொருவர், தம் கைப்பேசியிற் பதிந்து வைத்திருந்த ஓர் இசைத்தட்டினை எனக்குக் கேட்பித்து, இஃது இசையாகுமா என வினவினார். ஐந்து நிமிடம் கேட்டபின், ஆகாது என விடை கூறினேன். பாடுவோர் இலர், மீட்டுவோர் விரலும் ஊதுவோர் மூச்சும் புலப்படவில்லை, காற்றின் இரைச்சலும் பொறியின் துடிப்புமே செவிப்பட்டன. ஆசிரியர் கூறிய விடையாதலின் மாணவர் மறுத்துரையாது சென்றார். பின்னர் அவ்விசைத்தட்டை முழுவதுமாகப் பன்முறை கேட்கும் வாய்ப்பு நேர்ந்தது. அன்று கூறிய விடை பிழையென்றே இப்பொழுது கருதுகின்றேன். வகுப்பிற் கூறிய பிழையை வகுப்பிலேயே திருத்துதல் முறை. அம்மாணவர் கல்லூரியை விட்டு நீங்கிவிட்டமையால், கல்லூரி மலரில் அதனைச் செய்ய முற்படுகின்றேன்.

அவ்விசைத்தட்டு, ‘டாஞ்சரீன் டிரீம்’ என்னும் ஜெர்மானியக் குழுவினர் 1974ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் வெளியிட்ட ‘பீட்ரா’ என்பதாகும். 1967இல் மேற்குப் பேர்லினில் அக்குழுவைத் தோற்றுவித்தவர் எட்கர் புரோசே. ஓவியமும் சிற்பமும் பயின்ற அவர் 2015இல் மறைந்தார். இத்தட்டில் அவரோடு இசைத்தோர் கிறிஸ்தோபர் பிராங்கே, பீற்றர் பௌமன் ஆகிய இருவரே. 1973ஆம் ஆண்டின் பிற்பகுதியில், இங்கிலாந்தின் ஒக்ஸ்போட்சயரிலே பழைய மாளிகையொன்றில் அமைந்திருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இது பதிவு செய்யப்பெற்றது. வேர்ஜின் நிறுவனம் இதனை வெளியிட்டது. இங்கிலாந்தின் இசைத்தட்டு விற்பனை வரிசையில் 15ஆம் இடம்வரை உயர்ந்தது. சொல்லொன்றும் இல்லாத, முழவோசையும் இல்லாத இசைக்கு அது சிறிய வரவேற்பெனக் கூறுதற்கில்லை.

இதனை மதிப்பிடுதற்குக் கருவியின் இயல்பை ஓரளவேனும் அறிதல் வேண்டும். அமெரிக்கரான றொபேட் மோக் என்பார் 1964இல் உருவாக்கிய சிந்தசைசர், நரம்பையோ தோலையோ அதிரச் செய்து ஒலியெழுப்புவதன்று. இலத்திரன் சுற்றொன்று மின்னை அலையச் செய்ய, அவ்வலைவே ஒலிபெருக்கியின் வாயிலாக ஒலியாகின்றது. சுற்றுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தை ஒரு உவோல்ற்று உயர்த்தினால், ஒலி ஒரு ஸ்தாயி உயரும். சீக்குவென்சர் என்னும் துணைக்கருவியில் வேண்டிய அழுத்தங்களை நிரலாக அமைத்துவிட்டால், அந்நிரலை அது ஓயாது திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். சுரக்கோவையொன்று கைதொடாமலே சுழலும். பௌதிகவியல் பயிலும் மாணவர்க்கு இதில் விளங்காதது எதுவுமில்லை. ஆயின் அக்காலச் சுற்றுக்களுக்கு ஒரு குறையிருந்தது. அறை சூடேறினும், கருவியே சூடேறினும், மீடிறன் மாறும். சுருதி தானே நழுவும். கருவியைச் சுருதி சேர்த்தற்கே பிராங்கே நாள்தோறும் நெடுநேரம் செலவிட வேண்டியிருந்தது.

1968இல் வெண்டி கார்லோஸ் இக்கருவியைக் கொண்டு பாக் என்னும் ஜெர்மானிய இசைமேதையின் ஆக்கங்களை இசைத்துப் பெரும்புகழ் பெற்றார். அத்தட்டில் நழுவல் எதனையும் காண்டலரிது. சிறு சிறு பகுதிகளாகப் பதிந்து, பிழைபட்டவற்றைத் திரும்ப இசைத்து, பொறுமையோடு இணைத்த வேலை அது. கேட்டு வியந்தேன், ஆயினும் அவ்வியப்பு, புதிய பொறி பழைய கருவிகளின் தொழிலையும் செய்யவல்லது என்பதனோடு அடங்கிவிட்டது.

‘பீட்ரா’வின் முதற்பக்கம் முழுவதையும் நிரப்புவது, அப்பெயரையே கொண்ட, ஏறக்குறைய 17 நிமிடம் நீளும் ஆக்கமாகும். அதன் தொடக்கத்திற் சுரமென்று சுட்டத்தக்கது எதுவுமில்லை; எங்கிருந்தோ எழுந்து எங்கோ மறையும் சீறல்களும் முனகல்களுமே உள. யான் விரைவிற் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர்த் தாழ்ந்த ஒலியில் ஒரு துடிப்பு, தொலைவில் வரும் புகைவண்டியின் ஓசைபோலத் தோன்றி அண்மிக்கின்றது. சீக்குவென்சர் சுழற்றும் சுரக்கோவை இதுவேயாம். அதன்மேல் வேறு ஒலிகள் படர்ந்து கலைகின்றன. சுருதி மாதா, லயம் பிதா என்பது நம்மிசை மரபில் வழங்கும் மொழி. இங்கே பிதா இம்மியும் பிசகுவதில்லை. வேகம் கூட்டப்படுமிடத்திலும் ஒழுங்கு குலைவதில்லை. மாதாவோ சிறிது சிறிதாக இடம்பெயர்கின்றாள்.

கேட்போர் இதனை உடனே உணர்வதில்லை. நெடுநேரம் சென்றபின், தொடக்கத்தில் நின்ற இடத்தில் இப்பொழுது நிற்கவில்லை என்னும் ஐயமே முதலில் எழுகின்றது. இளமையிற் சங்கீதம் சிறிதேனும் பயின்றோர்க்கு இவ்வையம் அறிவில் தோன்றுமுன் உடலிற் கூசும். தம்புராவின் தந்தி இறங்கினால் பாடகர் நிறுத்திச் சேர்த்துக்கொள்வார். மிருதங்க வித்துவான் கச்சேரியின் நடுவே தட்டிச் சரிசெய்வார். இங்கே நிறுத்துவார் எவருமிலர். நழுவுதல் தொடர்கின்றது, துடிப்பு விரைகின்றது, ஏறத்தாழ 11ஆம் நிமிடத்தில் அச்சுழற்சியே தளர்ந்து கரைகின்றது. எஞ்சிய பகுதியில் வில்லிசைக் கருவிகளின் சாயல் கொண்ட ஒலிகள் மெல்லென விரிய, முடிவில், தொலைவிற் சிறுவர் கூடி விளையாடுவது போன்ற குரல்கள் கேட்கின்றன. அவை ஏன் அங்குள்ளன என்பதற்கு யான் விளக்கம் கூறேன். அவை இல்லாதிருப்பின் அம்முடிவு இத்துணைத் தனிமையுடையதாய் இராது என்பது மட்டும் தெளிவு.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் மருட்கைக்கு நிலைக்களன் நான்கு கூறுவர். அவற்றுட் புதுமை ஒன்று, ஆக்கம் பிறிதொன்று. ஒரு பொருள் வேறொன்றாய்த் திரிதல் என்னும் கருத்தில் ஆக்கத்திற்கு உரை காண்பர். இவ்விரண்டையும் வேறுபடுத்தியமை எத்துணை நுண்மையுடைத்து என்பது இத்தட்டைக் கேட்டபோதே எனக்குப் புலனாயிற்று. 1974இல் இவ்வொலி புதியது. இன்று அது விளம்பரங்களிலும் திரைப்படங்களிலும் மலிந்து, எவரையும் வியப்பிக்காதொழிந்தது. புதுமையால் விளைந்த மருட்கை போயிற்று. திரிதலால் விளையும் மருட்கை போகவில்லை. எத்தனை முறை கேட்பினும், சுருதி எவ்விடத்தில் நழுவத் தொடங்கியது என்பதை எனக்குச் சுட்ட முடிந்ததில்லை. அதே காலத்து இலத்திரனிசைத் தட்டுக்கள் பல பழம்பொருளாகிவிட, இது 50 ஆண்டு கடந்தும் நிற்பதற்கு யான் காணும் காரணம் இதுவே.

வெப்பத்தால் நேர்ந்த பிழையைக் கலைஞர்தம் திறனாகப் போற்றலாமோ என ஒருவர் வினவலாம். வலிய வினாவே. சுருதி நழுவியது அவர் செயலன்று. அதனை அழியாது விட்டமை அவர் செயல். ஒலிநாடாவை அழித்து மீளப் பதிதல் அவர்க்கு அரிதன்று. அன்றியும், நகரும் நிலத்தின்மீது நின்று ஆடுவார்போல, நழுவும் சுரக்கோவையின்மேற் பிற ஒலிகளைப் பொருத்தி இசைத்தற்கு ஒரு செவிக்கூர்மை வேண்டும். யமஹா நிறுவனம் 1983இல் வெளியிட்ட டி.எக்ஸ்.7 போன்ற எண்முறைக் கருவிகளில் இந்நழுவல் நீங்கிற்று. நீங்கியபின் நிகழ்ந்ததே வேடிக்கை. இன்று கணினியில் இயங்கும் சிந்தசைசர்கள் பலவற்றில், சுருதியை வேண்டுமென்றே சிறிது நழுவச் செய்தற்கு ஒரு திருகு அமைத்துள்ளனர். அரிதின் முயன்று களைந்த பிழையை இப்பொழுது விலைக்கு விற்கின்றார்கள். ஆயினும் திருகினால் வரும் நழுவல் அளவோடு அலைந்து மீண்டும் தன்னிடத்துக்கு வரும். ‘பீட்ரா’வில் நழுவியது மீள்வதில்லை.

இனிப் பெயர்ப் பொருத்தம். கிரேக்கப் பழங்கதையில் பீட்ரா என்பாள் தீசியசு என்னும் அரசனின் மனைவி. அவனுக்கு மற்றொருத்தி பெற்ற மகனாகிய இப்பொலிற்றசின்மீது காதல் கொள்கின்றாள். யூரிப்பிடீசு கி.மு. 428இல் அரங்கேற்றிய நாடகத்தில் அக்காதல் அவள் தேடிக்கொண்டதன்று. இப்பொலிற்றசின்மேற் சினங்கொண்ட அப்ரோதீத்தி என்னும் தெய்வம் அவள் உள்ளத்தில் மூட்டியது. அவள் அதனை ஒளிக்கின்றாள். உண்ணாது கிடந்து உயிர்விடத் துணிகின்றாள். நிறை காக்கப் போராடித் தோற்கின்றாள். பெயரை மறைத்து இவ்விசையைக் கேட்பிப்பின், எவரும் அவளை அடையாளங் காணார். சொல்லற்ற இசை கதை கூறவல்லதன்று. வல்லதெனக் கூறும் திறனாய்வாளரை யான் நம்புவதில்லை. எனினும் பெயரை அறிந்தபின், புறத்தேயிருந்து புகுந்த வெப்பத்தால், தன் செயலின்றியே, நின்ற நிலையினின்றும் விலகிப்போகும் ஒரு சுருதியைக் கேட்கையில், அவள் நினைவு வாராதிருத்தல் எனக்கு அரிதாகின்றது. குழுவினர் இவ்வாறு எண்ணிப் பெயரிட்டனர் என்பது என் கருத்தன்று. இது கேட்டவன் ஒருவனின் துணிபு, அவ்வளவினதாகவே கொள்க.

இரண்டாம் பக்கம் முதற்பக்கத்தோடு ஒப்புநோக்கத்தக்கதன்று. ஆயினும் அதன் முதலாவது ஆக்கம், தீக்கனவுகளின் கரையைக் குறிக்கும் நீண்ட பெயருடையது, தனியே கருதத்தக்கது. புரோசே அதனை மெலட்ரோன் என்னும் கருவியில் இசைத்தார். அதன் விசை ஒவ்வொன்றின் கீழும் ஒரு காந்த நாடாத் துண்டு உண்டு. அதில் வயலின் முதலியவற்றின் உண்மை ஒலி பதியப்பட்டிருக்கும். விசையை அழுத்தினால் நாடா ஓடும். ஏறத்தாழ எட்டு விநாடியில் அது முடிந்துவிடும். பின்னர் விரலை எடுத்து மீள அழுத்தவேண்டும். எனவே பத்து நிமிடம் இடையறாது பெருகும் கடல்போலத் தோன்றும் இவ்விசை, எட்டு விநாடிக்கு மேற்படாத மூச்சுக்களால் ஆயது. ஒன்று முடியுமுன் மற்றொன்றைத் தொடுக்கும் கையின் கவலையை, உற்றுக் கேட்போர் உணர்வர். விரல் புலப்படவில்லை என அன்று யான் கூறியதற்கு இதனினும் தக்க மறுப்பு வேறில்லை.

‘மூவ்மென்ட்ஸ் ஒவ் எ விஷனரி’ என்னும் அடுத்த ஆக்கம் என்னைக் கவரவில்லை. சுரக்கோவை துள்ளுகின்றது, மின்னுகின்றது, ஆயின் எதனையும் இழப்பதாகத் தோன்றவில்லை. எட்டு நிமிடத்தை அதற்கு அளித்தது மிகை. இறுதியில் வரும் ‘சீக்குவென்ட் சி’ பௌமனுடையது. இரண்டு நிமிடத்தைச் சிறிதே கடப்பது. குழலோசை தன் எதிரொலிகளோடு கலந்து தேய்வது. தட்டு முழுவதிலும் மனித மூச்சு ஒளிவின்றிக் கேட்கும் இடம் இதுவே. அதனை முடிவில் வைத்தமை நன்று. இன்னும் சற்று நீட்டியிருக்கலாம்.

இக்கட்டுரை கண்டு இவ்விசைத்தட்டைக் கேட்க விழையும் மாணவர்க்கு ஒன்று கூறுவேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் இதனைக் கேளற்க. அடித்தளமான தாழ்ந்த துடிப்பு அதில் அறவே ஒலிக்காது. என் முதல் மதிப்பீடு அவ்வாறு கேட்டு எழுந்ததே. காதிற் பொருத்தும் கருவியைக் கொண்டு, வீடு அடங்கிய பின்னர், முதற்பக்கத்தை இடையில் நிறுத்தாது 11ஆம் நிமிடம் வரையேனும் கேட்பாராக. அதன் பின்னரும் இஃது இசையன்று எனத் தோன்றுமாயின், ஆசிரியர் கூறினார் என்பதற்காக விடையை மாற்றவேண்டுவதில்லை.