அரங்கு அடைத்த காலமும் ஆடுவோர் குழுவும்

கூத்துக் காணும் அவைக்கு மக்கள் ஒருவர் இருவராய் வந்து சேர்வர். கூத்து முடிந்ததும் எல்லோரும் ஒருங்கே கலைந்து போவர். செல்வத்தின் வரவும் போக்கும் அத்தகையவே என்று, நிலையாமை கூற வந்த வள்ளுவர் உவமை காட்டினார். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவ்வுவமையே நேரில் நிகழ்ந்தது. 12ஆம் நாள் நியூயார்க்கு நகரின் பிராட்வே அரங்குகள் அடைக்கப்பட்டன; 16ஆம் நாள் இலண்டன் மாநகரின் அரங்குகள் அடைக்கப்பட்டன. 18ஆம் நாள் மலேசியாவிலும், ஏப்பிரல் 7ஆம் நாள் சிங்கப்பூரிலும் நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை நம் வாசகர்க்கு நினைவூட்ட வேண்டுவதில்லை. கோவிட் பெருந்தொற்று அவையை ஒரே நாளில் கலைத்துவிட்டது.

அவை கலைந்தபின் நாடகம் எங்கே உயிர் வாழ்ந்தது? இவ்வினாவுக்கு அந்நாளில் பலரும் விரும்பிச் சொன்ன விடை ஒன்று உண்டு. கொள்ளைநோய்க் காலத்தில் ஷேக்ஸ்பியர் தம் அறைக்குள் அடைபட்டிருந்தே ‘லியர் மன்னன்’ நாடகத்தை எழுதினார் என்பதே அது. வீட்டில் முடங்கிய எழுத்தாளரை ஊக்கவும், சில வேளைகளில் குத்திக்காட்டவும் அக்கதை பயன்பட்டது. அதன் அடிப்படை என்ன என்று நோக்கின், 1606ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாடகம் அரசவையில் நடிக்கப்பெற்றது என்பதும், அவ்வாண்டில் கொள்ளைநோய் இலண்டனைத் தாக்கியது என்பதுமே தெளிவானவை. இவ்விரண்டையும் முடிச்சிட்டு, ‘தனியறையில் ஒரு மேதை’ என்னும் ஓவியம் தீட்டுவது எளிது. ஆனால் அக்காலத்து ஏடுகள் நமக்குக் காட்டும் ஓவியம் வேறு. அதில் தனியொருவர் இல்லை. ஒரு குழு இருக்கிறது.

1592ஆம் ஆண்டு கோடையில் இலண்டன் அரங்குகள் மூடப்பட்டன. முதலில் கலகத்துக்கு அஞ்சியும், பின்னர்க் கொள்ளைநோய்க்கு அஞ்சியும் விதிக்கப்பட்ட தடை, இடையிடையே சிறிது நெகிழ்ந்தாலும், 1594 வரை நீடித்தது. நோய்க்குப் பலியானோர் பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர். நடிகர் என் செய்தனர்? 1593 மே மாதத்தில் அரசின் ஆலோசனை அவை, ஸ்டிரேஞ்சுப் பிரபுவின் குழுவினர்க்கு வெளியூர்களில் நடிக்க இசைவுச் சீட்டு வழங்கியது. அச்சீட்டில் பெயர் காணப்படுவோருள் எட்வர்டு அல்லெயின் என்னும் புகழ் பெற்ற நடிகரும் ஒருவர். அவர் ஊர் ஊராய்ச் சென்றுகொண்டே தம் இளமனைவி ஜோனுக்கு எழுதிய மடல்கள் இன்றும் இலண்டனிலுள்ள டல்விச்சுக் கல்லூரியில் உள்ளன. அக்கல்லூரியை நிறுவியவரும் அவரே.

ஆகஸ்டு முதல் நாள் பிரிஸ்டல் நகரிலிருந்து அவர் எழுதிய மடலைப் பாருங்கள். வீட்டைத் தூய்மையாக வைத்துக்கொள். மாலைதோறும் வாயிலிலும் கொல்லையிலும் நீர் தெளி. சாளரங்களில் அருவதா முதலிய பூண்டுகளை வை என்கிறார். தம் செம்மஞ்சள் கம்பளிக் காலுறைகளுக்குக் கருஞ்சாயம் ஏற்றி வைக்கச் சொல்கிறார். தோட்டத்துப் பாத்தியில் செப்டம்பரில் கீரை விதைக்க நினைவூட்டுகிறார். வீட்டுச் செய்தி ஒன்றும் வரவில்லையே என்று செல்லமாகக் குறைப்பட்டுக்கொள்கிறார். இதில் காவியம் ஒன்றும் இல்லை. ஆயினும், பிரிந்திருந்த ஒரு நாடகக் குடும்பம் எவ்வாறு பிணைந்திருந்தது என்பதற்கு இதனினும் நேரிய சான்று வேண்டுவதில்லை.

எல்லாக் குழுக்களும் இவ்வாறு தப்பவில்லை. பெம்புரோக்குப் பிரபுவின் குழுவினர், பயணச் செலவுக்கும் வருவாய் போதாமல், தம் நாடக உடைகளையே அடகு வைக்க நேர்ந்தது. அல்லெயினுக்கு அவர் மாமனார் ஹென்ஸ்லோ அவ்வாண்டே எழுதிய மடல் இதனைத் தெரிவிக்கிறது. மீண்டும் 1603இல் நோய் பரவியபோது, மன்னர் ஜேம்சு தம் பெயர் தாங்கிய குழுவுக்கு 1604 பிப்ரவரியில் 30 பவுன் அளித்தார். ஷேக்ஸ்பியர் அக்குழுவில் ஒருவர். ஆகவே, அவருடைய எழுதுகோலுக்குப் பின்னே ஒரு குழுவின் வாழ்வு இருந்தது; அக்குழுவின் வாழ்வுக்குப் பின்னே வண்டிப் பயணமும் அடகுச் சீட்டும் அரசின் கொடையும் இருந்தன. இதனை மனத்திற்கொண்டு 2020ஆம் ஆண்டின் முயற்சிகளுள் மூன்றை மதிப்பிடுவோம்.

முதலாவது, இலண்டன் தேசிய நாடக அரங்கு ஏப்பிரல் 2ஆம் நாள் தொடங்கிய இணைய ஒளிபரப்பு. முன்னரே படம் பிடித்து வைத்திருந்த நாடகங்கள் வாரம் ஒன்றாகக் கட்டணமின்றிக் காட்டப்பட்டன. முதலில் வந்தது ரிச்சர்டு பீன் எழுதிய ‘ஒருவனுக்கு இரண்டு எசமானர்’, இத்தாலிய ஆசிரியர் கொல்தோனியின் பழைய நகைச்சுவை நாடகத்தைத் தழுவியது, 2011இல் பதிவானது. ஒரு வாரத்தில் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்ட முறை அது பார்க்கப்பட்டது. அரங்கினுள் காலடி வைத்தறியாதவர்க்கும் வாயிலைத் திறந்துவிட்ட இச்செயல் பாராட்டுக்குரியதே. எனினும் ஓர் உண்மையை மறைத்தலாகாது. பசித்த வேலைக்காரனாக நடிப்பவர் அவையோரை நோக்கித் தின்ன ஏதேனும் உண்டா என்று கேட்கிறார். அவையில் சிரிப்பு அலையெனப் பொங்குகிறது. அச்சிரிப்பு 2011இல் கூடியிருந்தோர் சிரித்தது. 2020இல் வீட்டிலிருந்து காண்பவர் அவ்விருந்தைச் சாளரத்தின் வழியே பார்ப்பவராகிறார். அவர் விடை சொன்னால் நடிகர் செவியில் விழாது. பதிவு நாடகத்தைக் காக்கும். ஆனால் அவையைப் படைக்காது.

இரண்டாவது, ஓல்டு விக் அரங்கினர் சூன் இறுதியில் நடத்திய ‘நுரையீரல்’. டங்கன் மேக்மிலன் எழுதிய இந்நாடகத்தில் வருவோர் இருவரே: குழந்தை பெறலாமா, சூழல் கெட்டுவரும் இவ்வுலகில் அது தகுமா என்று வாதிடும் ஓர் இணையர். கிளேர் ஃபாயும் மேட் ஸ்மித்தும் ஆளில்லா அரங்கில், ஒருவரையொருவர் அணுகாமல் இடைவெளிவிட்டு நின்று, அந்நேரத்திலேயே நடித்தனர். ஒவ்வொரு காட்சிக்கும் ஆயிரம் சீட்டுகளே விற்கப்பட்டன. விலை 10 பவுன் முதல் 65 பவுன் வரை. எல்லோரும் பார்த்தது ஒரே திரையை. அவ்வாறிருக்க விலையில் வேற்றுமை ஏன் என்று கேட்கலாம். மிகுதியாகக் கொடுத்தவர் இருக்கைக்காகக் கொடுக்கவில்லை. அரங்கு பிழைக்கட்டும் என்று கொடுத்தார் என்பதே விடை.

கலை நோக்கிலும் இம்முயற்சி முன்னதினும் ஒரு படி மேல். அன்பு மிக்க இருவர் தொட இயலாமல் நிற்கும் அவ்விடைவெளி நாடகத்தின் பொருளோடு பொருந்திவிட்டது. வாதம் முற்றும்போது கை நீளாதா என்று நம் கண் ஏங்குகிறது, அது நீள்வதில்லை. நோய்க்கால விதி நாடகத்துக்கு உணர்ச்சியாயிற்று. குறித்த நேரத்தில் ஆயிரம் பேர் ஒருங்கே காத்திருந்தனர் என்பதும் சிறிய செய்தியன்று. இடம் பலவாயினும் காலம் ஒன்றாயிருந்தது. ஆயினும், இது மேடைக்கென 2011இல் பிறந்த நாடகம். திரைக்குப் பொருந்தியது அதன் நற்பேறு என்றே கூறல் வேண்டும்.

மூன்றாவது, அந்நிலைமைக்கென்றே பிறந்தது. அமெரிக்க ஆசிரியர் ரிச்சர்டு நெல்சன் எழுதிய ‘நாம் எதைப் பற்றிப் பேச வேண்டும்?’ என்னும் நாடகம் நியூயார்க்குப் பொது அரங்கின் சார்பில் ஏப்பிரல் 29ஆம் நாள் இணையத்தில் வெளிவந்தது. ஆப்பிள் என்னும் குடும்பத்தாரைப் பற்றி 2010 முதல் 2013 வரை அவர் நான்கு நாடகங்கள் எழுதியிருந்தார். அவற்றில் உடன்பிறந்தோர் ஓர் உணவு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசுவர். மேசைக்கு வர முடியாத நாளில் அவர்கள் என் செய்வர் என்று ஆசிரியர் எண்ணிப் பார்த்தார். விடை எளிது: நம்மைப்போல் ஜூம் செயலியில் கூடுவர்!

மூத்தவளான பார்பரா ஓர் ஆசிரியை. நோயுற்று மருத்துவமனை சென்று மீண்டிருக்கிறாள். தங்கை ஜேனும் அவள் துணைவனும் ஒரே வீட்டிலிருந்தும் வெவ்வேறு அறைகளிலிருந்து பேசுகின்றனர். அவனுக்கு நோய்க்குறி இருக்கிறது. 1348இல் பிளாரன்சு நகரின் கொள்ளைநோய்க்குத் தப்பியோர் கதை சொல்லிப் பொழுது போக்கியதாக பொக்காச்சியோ எழுதியதைப்போல, இவர்களும் ஆளுக்கொரு கதை சொல்கின்றனர். இதில் திருப்பம் இல்லை. உரத்த குரல் இல்லை. ஒரு மணி நேரப் பேச்சே உள்ளது. குறை கூறுவோர் இது வெறும் உரையாடல், நாடகமன்று என்பர். அக்கூற்றை நாம் ஏற்பதற்கில்லை. மற்றவை திரையை மேடையாகக் கொள்ளுமாறு நம்மை வேண்டின. இந்நாடகத்திலோ திரை திரையாகவே இருக்கிறது. பாத்திரங்கள் கட்டங்களுக்குள் அடைபட்டவர், நடிகரும் அவ்வாறே, காண்போரும் அவ்வாறே. மூவர் நிலையும் ஒன்றாகும்போது பாவனைக்கு வேலையில்லை. அதுவே இதன் வலிமை. பல்லாண்டு ஒன்றாக நடித்துப் பழகிய ஒரு குழு இல்லையேல், இப்பேச்சு இவ்வளவு இயல்பாக அமைந்திராது என்பதையும் மறத்தலாகாது.

மூன்றையும் ஒப்பு நோக்கின் ஓர் உண்மை விளங்கும். நாடகத்தின் உயிர் கட்டடத்தில் இல்லை. ஏட்டிலும் மட்டும் இல்லை. ஆடுவோரும் காண்போரும் ஒருவரையொருவர் எதிர்பார்த்திருக்கும் அவ்வுறவில் இருக்கிறது. எங்கே அவ்வுறவு போற்றப்பட்டதோ அங்கே தடையும் கருவியாயிற்று.

ஆனால் இம்மூன்றிலும் நம் கண்ணுக்குப் படாதவர் சிலர் உளர். அரங்கின் அகலமும் நீளமும் உயரமும் இத்துணைக் கோல் என்று அளந்து கூறிய இளங்கோவடிகள், தூண்களின் நிழல் விழாதவாறு விளக்கு நிறுத்திய திறத்தையும் கூற மறந்தாரல்லர். அவ்விளக்கு நிறுத்துவோர், எழினி இழுப்போர், உடை தைப்போர், தச்சர் ஆகியோர்க்கு ஜூம் கட்டத்தில் இடமில்லை. நடிகர் தம் வீட்டு விளக்கைத் தாமே திருப்பி வைத்துக்கொண்டார். 2020 சூலையில் பிரிட்டிஷ் அரசு கலைத்துறைக்கென 157 கோடி பவுன் உதவித்தொகை அறிவித்தது. ஆயினும் நாட்கூலிக்கும் ஒப்பந்தத்துக்கும் உழைத்தவர் பலர் அந்த நிழலிலும் ஒதுங்க இயலவில்லை. பெம்புரோக்குக் குழுவின் அடகு வைத்த உடைகள் நினைவுக்கு வருகின்றன. படைப்புத் திறனைப் புகழும் திறனாய்வு, பட்டினியைக் கணக்கில் கொள்ளாவிடின் அது பாதித் திறனாய்வே.

2021 செப்டம்பர் 14ஆம் நாள் பிராட்வேயின் பெரிய நாடகங்கள் சில மீண்டும் அரங்கேறின. 1594இல் இலண்டன் அரங்குகள் திறந்தபோது அல்லெயின் தம் ரோஸ் அரங்குக்கு மீண்டார். புதிதாக அமைந்த மற்றொரு குழுவில் ஷேக்ஸ்பியர் சேர்ந்தார். பின்னே நாம் போற்றும் பெருநாடகங்கள் அக்குழுவுக்கென எழுதப்பட்டவை. குழு பிழைத்ததனால் அவை பிறந்தன.

பள்ளியில் நாடகம் பயிற்றும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. அடைபட்ட நாளில் மாணவரிடம் ‘லியர்’ ஒன்றை எழுதித் தருக என்று கேட்டல் வேண்டா. ஒருவர்க்கொருவர் மடல் எழுதச் சொல்லுங்கள். குறித்த நேரத்தில் கூடி ஆளுக்கொரு கதை சொல்லச் செய்யுங்கள். திரைச்சீலை இழுக்கும் மாணவனையும் அக்கூட்டத்துக்கு அழையுங்கள். பிரிஸ்டலில் நின்ற நடிகர் செப்டம்பரில் கீரை விதைக்கச் சொன்னது, தாம் வீடு திரும்பி அதனை உண்போம் என்னும் நம்பிக்கையால் அன்றோ? அந்நம்பிக்கையைக் குழுவில் ஒருவரும் இழவாமல் காப்பதே அரங்கு அடைத்த காலத்தில் நாடக ஆசிரியர்க்கு உரிய முதற்பணி.